'முதல்' என்ற சொல்லில் கோட்டைவிட்ட கதை

எஸ்எஸ்சி மாக் டெஸ்டில் ஒரு கேள்வி: குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்தியர் யார்? மற்ற ஆப்ஷன்களைப் பார்க்கக்கூட இல்லை, சிவ கேசவனை டிக் அடித்துவிட்டேன். சரியான விடை ஜெரெமி புஜகோவ்ஸ்கி. 1964, இன்ஸ்ப்ருக், பனிச்சறுக்கு. கேசவன் 1998 நாகானோவில் 16 வயதில் களமிறங்கியவர். லூஜ் என்ற பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில்தான் அவர் முதல் இந்தியர். அரை மார்க் மைனஸ் வேறு.

அன்றிலிருந்து நோட்டில் 'முதல்' என்று எழுதினாலே பக்கத்தில் சிவப்புப் பேனாவில் 'எதில்?' என்று எழுதுவேன். ஏன் என்று இந்த மூன்று பேரைப் பார்த்தால் புரியும். குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் கறுப்பினத்தவர் டெபி தாமஸ் (1988 கால்கரி, ஃபிகர் ஸ்கேட்டிங், வெண்கலம்). தங்கம் வென்ற முதல் கறுப்பினத்தவர் வொனெட்டா ஃபிளவர்ஸ் (2002 சால்ட் லேக் சிட்டி, பாப்ஸ்லெட் என்ற குழு வண்டிப் பந்தயம்). ஆனால் பாப்ஸ்லெட்டில் அவர் இருவர் அணியில் ஒருவர். தனிநபர் தங்கம் என்று கேட்டால் ஷானி டேவிஸ் (2006 டூரின், 1000 மீட்டர் ஸ்பீட் ஸ்கேட்டிங்). கேள்வியில் ஒரு வார்த்தை மாறினால் ஆளே மாறிவிடுவார்.

முதல் குளிர்கால ஒலிம்பிக் 1924, ஷமோனி. இது எல்லோருக்கும் தெரியும். ஃபிகர் ஸ்கேட்டிங் 1908 லண்டன் ஒலிம்பிக்கிலேயே இருந்தது என்பதில்தான் பலர் சறுக்குவார்கள்.

பழைய கைடை நம்பாதீர்கள். நான் பாதி விலைக்கு வாங்கியதில் குளிர்கால ஒலிம்பிக்கில் அதிகப் பதக்கம் வென்றவர் நார்வேயின் பியோர்ன்டாலன், 13 என்று இருந்தது. 2018 பியோங்சாங்கில் மரிட் பியோர்கன் 15-ஐ எட்டி அவரைத் தாண்டிவிட்டார். பனிச்சறுக்கு வீராங்கனை மிகேலா ஷிஃப்ரின் 2023-இல் ஸ்டென்மார்க்கின் 86 வெற்றிகளைத் தாண்டியது பனிச்சறுக்கு உலகக் கோப்பைப் போட்டிகளில். அதை ஒலிம்பிக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

சில பெயர்களை மனப்பாடம் செய்யவே வேண்டாம். எஸ்டர் லெடெக்கா 2018 ஒலிம்பிக்கில் சூப்பர்-ஜி என்ற பனிச்சறுக்குப் பந்தயத்தை 0.01 விநாடியில் வென்றுவிட்டு, ஸ்கோர் போர்டை நம்பாமல் அப்படியே நின்றார். அதே ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டிலும் தங்கம். அந்த வீடியோவை ஒரு தடவை பார்த்தால் போதும்.

லூஜும், அதைப் போலவே வண்டியில் படுத்துச் சறுக்கும் ஸ்கெலிட்டனும் மட்டும் எனக்குக் குழம்பிக்கொண்டே இருந்தன. ஒருநாள் கூடத்தில் பாயை விரித்தேன். மல்லாக்கப் படுத்துக் காலை முன்னால் நீட்டினால் லூஜ். குப்புறப் படுத்துத் தலை முன்னால் போனால் ஸ்கெலிட்டன். தம்பி வாசலில் நின்று, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்றான்.

தேர்வில் விளையாட்டுப் பகுதியில் கபடிதான் வந்தது.