20 பாகைக் குறை

தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கும் என் அண்ணன் மகள் கொரோனா கிருமியின் கூர்ப்புரதப் படத்தைக் காட்டி, "இந்தச் சுருள்கள் நேராக நிற்காமல் ஏன் சித்தப்பா ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன?" என்று கேட்டாள். படத்தின் அடியில் ‘காயில்டு காயில்’ என்ற பெயர் இருந்ததே தவிர, காரணம் இல்லை.

காரணம் சிறு கணக்குதான். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அது திருகுபோல் சுருளும் வடிவமே ஆல்ஃபா சுருள். அதில் ஒவ்வோர் அமினோ அமிலமும் முந்தையதிலிருந்து ஏறத்தாழ 100 பாகை திரும்பி அமர்கிறது. இவ்வகைப் புரதங்களில் அமிலங்கள் ஏழேழாக ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வோர் ஏழிலும் முதலாம், நான்காம் இடங்களில் பெரும்பாலும் லியூசின், வாலின் போன்று நீரோடு ஒட்டாதவை இருக்கும். ஏழும் சேர்ந்து 700 பாகை திரும்புகின்றன. இரண்டு முழுச் சுற்றுக்கோ 720 வேண்டும். அந்த 20 பாகைக் குறையால், நீரோடு ஒட்டாத பட்டை நேர்கோடாக ஓடாமல் மெல்ல இடஞ்சுழியாகச் சாய்கிறது. நீரிலிருந்து ஒதுங்க அந்தப் பட்டை அண்டைச் சுருளின் பட்டையோடு ஒட்டிக்கொள்ளும்; அதைவிட்டு விலகாதிருக்க வேண்டுமானால், சுருள்கள் ஒன்றையொன்று தழுவித்தான் ஆக வேண்டும். ஒரு சுருளின் புடைப்பு மற்றதன் நான்கு பக்கச்சங்கிலிகளுக்கு (அமினோ அமிலங்களிலிருந்து வெளியே நீளும் கிளைகளுக்கு) இடையிலுள்ள குழியில் பொருந்துகிறது என்று ஃபிரான்சிஸ் கிரிக் 1953இல் விளக்கினார். (அடுத்த ஆண்டே சென்னையில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்துக்கு மூவிழை அமைப்பை முன்வைத்தனர். அது வேறு வகைச் சுருள் என்றாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.)

கிருமிகள் இந்த வடிவத்தைச் சுருள்வில்லாகவே பயன்படுத்துகின்றன. இன்ஃபுளுவென்சா கிருமியின் மேற்பரப்புப் புரதமான ஹீமக்ளூட்டினின், உயிரணுவுக்குள் அமிலத்தன்மை கூடியதும், தளர்ந்து கிடந்த வளையத்தைச் சுருளாக்கிக்கொண்டு மூவிழை முறுக்கை நீட்டுகிறது. அதன் நுனி ஏறத்தாழ 100 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு) தூரம் பாய்ந்து உயிரணுச் சவ்வில் குத்துகிறது. பிறகு வெளிச்சுருள்கள் மடங்கி வந்து ஒட்ட, இரு சவ்வுகளும் இழுபட்டு இணைகின்றன. எச்ஐவியில் அந்த மடக்கத்தைத் தடுப்பதே 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற என்ஃபுவிர்டைடின் வேலை: 36 அமிலங்கள் கொண்ட அந்த மருந்து, வெளிச்சுருளைப் போல நடித்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

கொரோனாவின் கூர்ப்புரதமும் இப்படித்தான் பாய்கிறது. பாய்ந்து முடிந்த வடிவத்தைத் தடுப்பூசி வழியே உடலுக்குக் காட்டுவதால் பெரிய பயனில்லை என்பதால், ஆய்வாளர்கள் அந்தப் புரதத்தில் 986ஆம் இடத்து லைசினையும் 987ஆம் இடத்து வாலினையும் நீக்கி, இரண்டிலும் புரோலினை வைத்தார்கள். வளையம்போல் மூடிய புரோலின் அமைந்த இடத்தில் சுருள் நீள்வது கடினம். ஆகவே புரதம் பாய்வதற்கு முந்தைய நிலையிலேயே நிற்கிறது. 2020 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் போடப்பட்ட ஃபைசர் ஊசியிலும், பின்னர் வந்த மொடெர்னாவிலும் அந்த இரண்டு மாற்றங்கள் உண்டு.