வென்ஃப்ளான் போட்ட கையில் ஆன்டிபயாடிக் செய்யும் வேலை

ஆன்டிபயாடிக் மருந்துகளின் பக்கவிளைவுகள் என்றால் ஒவ்வாமை, வயிற்றுப்போக்கு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வென்ஃப்ளான் அல்லது கேனுலா எனப்படும், சிரைக்குள் செருகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாக அந்த மருந்து இறங்கும் கையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. பொது மருத்துவப் பிரிவில் செவிலியராக இருக்கும் எனக்கோ, ஒவ்வாமையைக் காட்டிலும் வீங்கிச் சிவந்த முன்கைகளைத்தான் அதிகம் பார்க்க நேர்கிறது. இவற்றில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்பதே என் கருத்து.

வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கையே எடுத்துக்கொள்வோம். ரத்தத்தின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 7.35 முதல் 7.45 வரை இருக்க, கரைத்த வான்கோமைசினின் பிஎச் ஏறத்தாழ 2.5 முதல் 4.5 வரைதான். முன்கையின் சிறு சிரைகளில் ரத்த ஓட்டம் குறைவாக இருப்பதால், மருந்து ரத்தத்தில் கலந்து நீர்த்துப்போவதற்கு முன்பே சிரையின் உட்சுவரில் பட்டு அதைப் புண்ணாக்கிவிடுகிறது. ஆகவே ஒரு மில்லி லிட்டருக்கு 5 மில்லி கிராமுக்கு மேல் செறிவு கூடாது, நிமிடத்துக்கு 10 மில்லி கிராமுக்கு மேல் வேகம் கூடாது என்பது பொதுவான விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிராம் மருந்தை 100 மில்லி சலைனில் கலந்தாலே செறிவு வரம்பைப் போல இரு மடங்காகிவிடும்; 250 மில்லியில் கலந்து 100 நிமிடத்தில் ஏற்ற வேண்டுமானால், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 50 சொட்டு வைக்க வேண்டும். மருந்து ஏறும் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப் இல்லாத வார்டில் இந்தக் கணக்கு முழுவதும் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் உருளையை நம்பியே நிற்கிறது. நோயாளி கையை மடக்கினால் சொட்டு நிற்கும், நீட்டினால் ஓடும், பாட்டில் சீக்கிரம் காலியானால் வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்கும் உறவினர் அதைச் சற்றுத் திருகியும் விடுவார். வேகம் கூடினால் கை எரிவதோடு நிற்காமல், முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பெடுக்கலாம், ரத்த அழுத்தமும் இறங்கலாம்.

"எரியுது சிஸ்டர்" என்று நோயாளி சொல்லும்போது உடனே பிளாஸ்டரைப் பிரித்துப் பார்ப்பதுதான் சரி. ஊசிமுனைக்கு மேலே சிரையின் போக்கில் ஒரு சிவப்புக் கோடு ஓடி, விரலால் தடவினால் உள்ளே கெட்டிக் கயிறுபோல் தட்டுப்பட்டால், அந்தச் சிரை அழன்றுவிட்டது என்று பொருள்; அதில் சலைன் அடித்து "ஓடுதே" என்று திருப்திப்பட்டுக்கொள்வதில் பயனில்லை. சிவப்பின்றிக் கை வெளிறி, குளிர்ந்து, உப்பியிருந்தால், மருந்து சிரைக்கு வெளியே திசுவில் தேங்குகிறது. அப்போது சொட்டை நிறுத்தி, கேனுலாவை உருவுவதற்கு முன்பே சிரிஞ்சால் தேங்கியதை இயன்றவரை உறிஞ்சியெடுத்த பிறகே அதைக் கழற்றிக் கையை உயர்த்தி வைக்க வேண்டும். முதியவர்களின் தளர்ந்த தோலில் நிறைய மருந்து தேங்கிய பின்னரே வீக்கம் தெரியும் என்பதால், அவர்கள் முறையிடும்வரை காத்திருக்கக் கூடாது. (கேனுலாவே கண்ணில் படாதபடி பிளாஸ்டரைச் சுற்றிச் சுற்றி ஒட்டும் நம் வழக்கத்தைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம்.)

மூன்று நாளுக்கு ஒருமுறை கேனுலாவை மாற்றிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், மூன்றாம் நாள் தவறாமல் மாற்றியவர்களுக்கும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் சிரை அழற்சி ஒரே அளவில்தான், அதாவது 7 சதவீதம் பேருக்கு, ஏற்பட்டது. எத்தனையாவது நாள் என்று எண்ணுவதைவிட, ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் பின்பும் ஊசி போட்ட இடத்தைப் பார்ப்பதும் சலைன் செலுத்துவதும் முக்கியம். செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் போட்ட குழாயைக் கழுவாமல் அதிலேயே ரிங்கர் லாக்டேட் என்ற சொட்டுத் திரவத்தை ஓட விட்டால், அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து மருந்து படிகமாகிவிடும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கேனுலா இன்றும் தேவைதானா என்று காலை ரவுண்ட்ஸில் கேட்க வேண்டும். மெட்ரோனிடசோல், லினெசோலிட், லெவோஃப்ளாக்சசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள் வாய்வழியாகவும் ஏறக்குறைய முழுமையாக ரத்தத்தில் சேர்பவை. வாந்தியின்றிச் சாப்பிட முடிகிற, காய்ச்சல் தணிந்துவரும் நோயாளிக்குப் பெரும்பாலும் மாத்திரைக்கு மாறிவிடலாம். ஊசிதான் வேகமாகக் கேட்கும் என்று குடும்பத்தார் வற்புறுத்தினாலும், இதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லச் செவிலியர் தயங்க வேண்டியதில்லை.

கேனுலாவைக் கழற்றிய பிறகும் இரண்டொரு நாள் கழித்து அந்த இடம் வீங்கக்கூடும். ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுக்கும்போதே, கை சிவந்து வலித்தாலோ சீழ் வைத்தாலோ குளிர்காய்ச்சல் வந்தாலோ உடனே திரும்பி வரும்படி நோயாளியிடமும் கூட இருப்பவரிடமும் சொல்லி அனுப்புகிறேன்.