பாட்டி போட்ட கையெழுத்து

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், டீச்சர்." என் மாணவி ஒருத்தியின் பாட்டி சொன்ன இந்த வார்த்தை நாலு வருஷமாக என்னை விடவில்லை.

இங்கே தென்னாப்பிரிக்காவில், எங்கள் பள்ளியின் பத்தாம் வகுப்பு ஜூன் தேர்வில் அவர் பேத்திக்குக் கணிதத்தில் 34. கணிதத்துக்குப் பதிலாக எடுக்கக்கூடிய மேத்ஸ் லிட் (Mathematical Literacy) பாடத்துக்கு மாற்றிவிடலாம் என்று சொன்னது நான்தான். வட்டி, பட்ஜெட், வரைபடம் என்று அன்றாடக் கணக்குதான், நல்ல மார்க் வரும் என்றேன். பாட்டி பேனாவை இறுகப் பிடித்து, எழுத்தெழுத்தாகத் தமிழில் பெயரை எழுதினார். கடைசி எழுத்தில் புள்ளி விட்டுப்போயிற்றென்று படிவத்தைத் திரும்ப வாங்கி வைத்துக்கொடுத்தார்.

நான் பொய் சொல்லவில்லை. பட்டப்படிப்புக்குத் தகுதி பெற நாலு பாடங்களில் 50 வேண்டும். அதில் மேத்ஸ் லிட்டும் சேரும். 1 முதல் 7 வரையான தர அளவில் 80ம் அதற்கு மேலும் வாங்கினால் 7, 34க்கு 2தான். புதிய பாடத்திட்டத்தில் 2008இல் முதல் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு, நடந்தது. அதற்கு முன் கணக்கே படிக்காமல் பள்ளியை முடித்தவர்கள் எத்தனையோ பேர். மேத்ஸ் லிட் கெட்ட பாடமில்லை, இன்றும் சொல்வேன்.

ஆனால் பொறியியல், அறிவியல், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் படிப்பு எல்லாவற்றுக்கும் கணிதம் வேண்டும். அதைச் சொன்னேனா? "என்ன ஆகணும்னு ஆசை?" என்று கேட்டேன். "தெரியல மேம்" என்றாள். பதினைந்து வயது. அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

மெட்ரிக்கில் மேத்ஸ் லிட்டில் 84 வாங்கினாள். பட்டப்படிப்புத் தகுதியும் வந்தது. இடையில் மாமா கடையில் கணக்கு எழுதிப் பழகி, அதிலேயே ஆசை பிடித்திருக்கிறது. ஜனவரியில் சான்றிதழோடு வந்து நின்றாள். பல்கலைக்கழகத்தில் அக்கவுன்டிங் படிக்க இடம் கிடைக்கவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாமே மேம்." குரலில் கோபமே இல்லை.

அவள் கணிதத்திலேயே இருந்திருந்தால் அந்தப் படிப்புக்கு வேண்டிய மார்க் வாங்கியிருப்பாளா? சந்தேகம்தான். அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு ஜனவரியும் தேர்ச்சி சதவீதத்தை வைத்துத்தான் எங்களை அளக்கிறார்கள். படிவத்தை நீட்டியபோது அந்த எண் என் மனதில் இருந்ததா? இருந்தது.

பாட்டியின் அண்ணன், இந்தியர்களுக்கென்று 1961இல் டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில் திறந்த கல்லூரிக்குப் படகில் போய்ப் படித்தவர். வேறு இடத்தில் படிக்க அன்றைக்கு நிறவெறிச் சட்டம் குறுக்கே நின்றது. அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு என் மேசையில் வைத்தே ஒரு கதவு சாத்தப்பட்டது என்று நினைக்கும்போது வயிறு கலங்குகிறது.

போன வருஷம் ஒரு பையன் 31 வாங்கினான். எந்தெந்தப் படிப்புக்குக் கணிதம் வேண்டும் என்று தாளில் எழுதிக் காட்டி, விடாதே, படி என்றேன். இந்த ஜூனில் 22. இப்போது காலையில் பள்ளிக்கு வரவே பயப்படுகிறானாம். நாளை அவன் அம்மா வருகிறார். மாற்றும் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன், திரும்ப டிராயருக்குள் போட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.