சியாங் மாயும் மாமனாரின் கல் படுக்கையும்

தாய்லாந்தின் வடக்கே இருக்கும் சியாங் மாயில் அறை தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், அந்த ஊரில் எல்லா ஓட்டலும் அகழிக்கு அருகில்தான் இருக்கிறது. பொய் என்றும் சொல்ல முடியாது. 1296இல் மங்ராய் மன்னர் உருவாக்கிய பழைய நகரம் ஒரு சதுரம். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். நாலு பக்கமும் இன்றைக்கும் தண்ணீர் நிற்கிற அகழி. ஆறு கிலோமீட்டர் சுற்றளவு உள்ள ஒன்றுக்கு அருகில் இருப்பதில் என்ன பெருமை? எந்தப் பக்கம் என்று சொல்லுங்களய்யா! அகழியை ஒட்டிய உள்சாலை ஒரு திசையில் போகும், வெளிச்சாலை எதிர்த்திசையில் போகும், இரண்டும் ஒருவழிப் பாதை. எதிர்க்கரையில் கண்ணெதிரே தெரிகிற கடைக்கு வண்டியில் ஏறினால், பாதி ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் இறக்கிவிடுவார்கள்.

நான், மனைவி, மகன், மாமனார், மாமியார் என்று ஐந்து பேர். மாமனார் பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், முதுகுவலி உண்டு. மாமியார் சுத்த சைவம், காதும் மூக்கும் கூர்மை. இவர்களுக்கு ஏற்ற ஓட்டல் பிடிக்க மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். "பாராட்டி எழுதினதைப் படிக்காதீங்க. திட்டி எழுதினதை மட்டும் படிங்க."

'படுக்கை கல் மாதிரி இருக்கிறது, ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை' என்று ஒரு ஜெர்மன்காரர் நொந்துபோய் ரிவ்யூ எழுதியிருந்தார். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதையே போடுங்க மாப்பிள்ளை."

அதே ஓட்டலைப் பற்றி இன்னொருவர்: 'பக்கத்துக் கோவிலில் விடிவதற்கு முன்பே பிக்குகள் ஓத ஆரம்பித்துவிடுகிறார்கள்.' மாமியாருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. 'தெருமுனையிலேயே சந்தை, ஒரே கூச்சல்.' நல்லது, காய் பழம் வாங்கிக்கொள்ளலாம். 'ஷவருக்குத் தனித் தடுப்பு இல்லை, குளித்தால் குளியலறை முழுவதும் ஈரமாகிவிடுகிறது.' இதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்ட மாமியார், "குளியலறை ஈரமாகாம, பின்ன கூடமா ஈரமாகும்?" என்றார். அமைதியான சூழல் என்று ஆளாளுக்குப் புகழ்ந்திருந்த இடங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டோம். அமைதி இருக்கிற இடத்தில் சாப்பாட்டுக்கடை இருக்காது என்பது மாமியார் கணக்கு.

இப்படித்தான் பழைய நகரத்தின் தெற்கு வாசலான சியாங் மாய் கேட் பக்கம், தேக்கு மர வீட்டை ஓட்டலாக்கிய ஓர் இடம் அமைந்தது. போனது டிசம்பரில். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயலையும் காட்டையும் எரிக்கிற புகை ஊரை மூடிவிடும், மலை இருக்கிற திசையே தெரியாது. டிசம்பரில் காலைக் குளிர்தான் பிரச்சினை. மாமியார் கம்பளிக் குல்லாவோடு வந்ததை நாங்கள் கிண்டல் செய்தோம், அங்கே போனால் உள்ளூர்க்காரர்களும் ஸ்வெட்டரில் இருந்தார்கள்.

மனைவியின் முறையில் ஒரே ஒரு ஓட்டை. அந்த ஓட்டலுக்கு ரிவ்யூ எழுதியவர்களில் பெரும்பாலோர் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிற இளவட்டங்கள். லிஃப்ட் இல்லாதது அவர்கள் கண்ணிலேயே படவில்லை. எங்கள் அறைகள் மூன்றாவது மாடியில். படிகள் செங்குத்து. பெட்டியில் மாமியாரின் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஒரு குட்டி குக்கர். வரவேற்பில் இருந்த ஒல்லிப் பெண் ஒரு புன்னகையோடு பெரிய பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். அதைப் பார்த்து ரோஷம் வந்த மாமனார் அடுத்த பெட்டியைத் தானே தூக்கினார். மேலே போய்ச் சேர்ந்ததும் படுக்கையில் சாய்ந்து, கையால் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது. "அருமை" என்றவர் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை.

அவரை எழுப்பிக் கூட்டிப்போன முதல் இடம் வாட் செடி லுவாங் என்ற புத்தர் கோவில். பெரிய செங்கல் கோபுரம், 1545 நிலநடுக்கத்தில் உச்சி இடிந்து, அந்த மொட்டைத் தலையோடே நிற்கிறது. இப்போது பாங்காக்கில் இருக்கும் மரகத புத்தர் 15ஆம் நூற்றாண்டில் இங்கேதான் இருந்தாராம். 1990களில் யுனெஸ்கோவும் ஜப்பான் அரசும் பணம் கொடுத்துச் சீரமைத்தபோது, உச்சி எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லாததால் அதை மட்டும் கட்டாமல் விட்டுவிட்டார்கள். இதைச் சொன்னதும் மாமனார் கோபுரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "தெரியலைங்கிறதுக்காக ஒரு வேலையை நிறுத்தினாங்களா? என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பார்த்ததில்லை மாப்பிள்ளை." அதற்கப்புறம் அரைமணி நேரம் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கும் அந்த ஊரில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

அதே வளாகத்தில் நகரத்தின் காவல் தூணுக்கு ஒரு சின்ன மண்டபம் உண்டு. உள்ளே பெண்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை வைத்திருக்கிறார்கள். "சரி, நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்று மாமியார் மாமனாரை அனுப்பினார். போனவர் வந்தார்.

"என்ன இருந்துச்சு?"

"பொம்பளைங்ககிட்டச் சொல்லக் கூடாதாம்."

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வாய்ப்புக்காகக் காத்திருந்தவர் போல இருந்தது அவர் முகம். அன்றைக்கு மாலை புளிக்காய்ச்சல் அவருக்கு மட்டும் பரிமாறப்படவில்லை.

சாப்பாட்டைப் பற்றி நான் பயந்துகொண்டே போனேன். காய்கறி மட்டும் வேண்டும் என்று கேட்டால் காய்கறிதான் வரும், அதை மீன் சாறு ஊற்றி வதக்கியிருப்பார்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துப் போட்ட 'ஜே' கடைகளைத் தேடிப் போவதுதான் வழி. அங்கே மாமிசமும் மீன் சாறும் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. மாமியார் அதைக் கேட்டு, "நம்ம வீட்டு அமாவாசைச் சமையல்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். அந்த ஊரின் பிரசித்தி பெற்ற காவ் சோய், தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ் போட்டு, மேலே கொஞ்சம் நூடுல்ஸைப் பொரித்துத் தூவித் தருவது. வழக்கமாகக் கோழி போடுவார்கள், ஜே கடையில் டோஃபு. மகன் குழம்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தான்.

வார இறுதிக்கு அந்த ஓட்டலில் அறை காலி இல்லை. நிம்மன்ஹேமின் சாலைப் பக்கம், எல்லோரும் புகழ்ந்திருந்த ஒரு புது ஓட்டலுக்கு மாறினோம். லிஃப்ட் இருந்தது, நீச்சல் குளம் இருந்தது, படுத்தால் ஆளையே விழுங்குகிற மெத்தையும் இருந்தது. மாமனார் போர்வையைத் தரையில் விரித்துப் படுத்தார். அறை சுத்தம் செய்ய வருகிறவர் தினமும் அதை மடித்து, மெத்தைமேல் அன்னப்பறவை செய்து வைத்துவிட்டுப் போனார். அன்னத்தைப் பிரிக்க மனசு வராமல் மாமனார் வேறு போர்வை கேட்டு வாங்கினார். விமான நிலையம் நகரத்தை ஒட்டியே இருப்பதால் தலைக்கு மேலே அடிக்கடி விமானம் வேறு. மகன் ஒவ்வொன்றின் வால் நிறத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தான்.

அங்கிருந்து சிவப்பு சோங்தேவ் வண்டி பிடித்து தோய் சுதேப் மலைக்கோவிலுக்குப் போனோம். நம்மூர் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன், பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. புத்தரின் எலும்பை ஒரு வெள்ளை யானைமேல் வைத்து அனுப்ப, அது மலையேறி, மூன்று முறை பிளிறி, அங்கேயே உயிரை விட்டதாம். அந்த இடத்தில்தான் கோவில். பாம்பு வடிவக் கைப்பிடிச் சுவரோடு முந்நூற்றுச் சொச்சம் படிகள். பக்கத்திலேயே மேலே போக டிராமும் ஓடுகிறது. "மருதமலையில இதைவிட ஜாஸ்தி" என்று மாமியார் விறுவிறுவென ஏறினார். மாமனார் டிராமில் வந்து, மேலே கதையைக் கேட்டுவிட்டு, "அந்த யானைக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ராட்சடம்னோன் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, பழைய நகரத்தின் கிழக்கு வாசலான தா பே வாசலிலிருந்து நெடுகக் கடை போடுகிறார்கள். மாமியார் ஒரு பூவேலைப் பையைப் பிடித்துக்கொண்டார். அங்கே பேரம் கால்குலேட்டரில்தான். கடைக்காரம்மா 250 என்று தட்டி நீட்ட, மாமியார் 100 என்று தட்டினார். அவர் 200 என்றார். கால்குலேட்டர் மாமியார் கைக்கு வந்த நேரத்தில் மணி ஆறு. ஒலிபெருக்கியில் தேசிய கீதம். நடந்தவர்கள், சாப்பிட்டவர்கள், சில்லறை எண்ணியவர்கள் எல்லோரும் இருந்த இடத்தில் சிலையாக நின்றுவிட்டார்கள். நாங்களும் நின்றோம். மாமியாரும் ஆடாமல் அசையாமல்தான் நின்றார், வலது கட்டைவிரலைத் தவிர.

பாட்டு முடிந்து கடைக்காரம்மா பார்த்தால் 90 என்றிருந்தது. நூறு கேட்டவர் பாட்டு நேரத்தில் பத்து குறைத்திருக்கிறார்! அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்து, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். கடைசியில் 150க்கு முடிந்தது. மாமியார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நாலு கடை தள்ளி அதே பை, அதே பூவேலை, 120 என்று சீட்டோடு தொங்கியது. மனைவி என் கையைக் கிள்ளி, பேசாமல் வரச் சொன்னாள்.