அலுமினியக் கையைக் கழற்றி ரீப்பர் போட்டேன்: குவாட்காப்டர் நிலவரம்

ஒரு வழியாக நானே கட்டிய குவாட்காப்டர், அதாவது நாலு மோட்டார் ட்ரோன், சொன்ன உயரத்தில் நிற்கிறது. போன மாதம் வரை, உயரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் ‘ஆல்ட் ஹோல்டு’ முறையைப் போட்டுவிட்டு, ரிமோட்டில் ஏற்றி இறக்கும் த்ராட்டில் குச்சியை நடுவில் வைத்தால், நிற்க வேண்டிய வண்டி தன் பாட்டுக்கு மேலே ஏறிக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்த கதைதான் இது. நடுவில் சாஃப்ட்வேர் கொஞ்சம் வரும், ஆனால் கடைசியில் வேலையை முடித்தது மரம்.

முதலில் வடிவமைப்பு. எதிரெதிர் மோட்டார்களுக்கு நடுவே 450 மி.மீ. வைத்தேன். அப்படி வைத்தால் பக்கத்துப் பக்கத்து மோட்டார்களுக்கு இடையே 318 மி.மீ. வரும். 10 அங்குல ப்ரொப்பெல்லர் 254 மி.மீ., ஆக இரண்டு இறக்கைகளின் நுனிக்கு நடுவே 64 மி.மீ. இடைவெளி மிஞ்சும். இதைவிடக் குறுக்கினால் எடை குறையும். ஆனால் ஒன்று கிளப்பும் காற்றில் இன்னொன்று தடுமாறும்.

மோட்டார் 2212 என்ற அளவு, 920 கேவி. கேவி என்றால், சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் அத்தனை சுற்று. 3எஸ், அதாவது மூன்று செல் தொடராகக் கோத்த பேட்டரியின் 11.1 வோல்ட்டில் பத்தாயிரத்தைத் தாண்டும். கடைக்காரர் கொடுத்த அட்டவணைப்படி மோட்டாருக்கு 800 கிராம் தூக்கும். இதில் பெங்களூருக்காரர்கள் ஒரு கழித்தல் போட வேண்டும். ஊர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறது, காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. அதே வேகத்தில் சுற்றினாலும் தூக்குவிசை அதே அளவு குறையும். அப்படிக் கழித்தும் நாலு மோட்டாருக்கு 2,900 கிராமுக்குமேல் வருகிறது, வண்டி எடை 950. இரண்டு மடங்காவது வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நமக்கு மூன்று மடங்கு, தாராளம்.

ரெடிமேடாக வாங்கிவிடலாமே என்று கேட்காத ஆள் இல்லை. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை, எங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் அலைந்தால் முக்கால்வாசி கிடைத்துவிடும். இதெல்லாம் வீட்டில் சொல்லும் காரணம். உண்மையான காரணம் கைநமைச்சல்.

வயரிங்கைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மோட்டார் வலமாகவும் இரண்டு இடமாகவும் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் உடம்பே எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். திசை மாற்ற மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் போதும். மோட்டார் அடியில் போடும் திருகு நீளமாக இருந்தால் உள்ளே சுருளில் முட்டி ஷார்ட் ஆகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த ஏறும் வியாதி. வண்டியின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலரில் ஆர்டுபைலட் என்ற சாஃப்ட்வேர் போட்டிருந்தேன். அது ஒவ்வொரு பறப்பையும் பதிவு செய்யும். லாக்கில் அதிர்வுக்கென்றே தனி வரைபடம் உண்டு. 30-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 60-ஐத் தாண்டினால் தொல்லை வந்தே தீரும். என் வண்டியில் மேல்-கீழ் அச்சில் 45-க்குக் குறையவே இல்லை, சமயத்தில் 60-ஐயும் தொட்டது. இவ்வளவு நடுக்கத்தில் முடுக்கமானி தப்புக்கணக்குப் போடும். கீழே விழுகிறோம் என்று நினைத்து வண்டி த்ராட்டிலைக் கூட்டும், கூட்டினால் அதிர்வும் கூடும், அதைப் பார்த்து இன்னும் கூட்டும். சாஃப்ட்வேரில் அதிர்வை வடிகட்டும் எந்த ஃபில்டரைத் தட்டினாலும் பலன் இல்லை.

ப்ரொப்பெல்லரை பேலன்ஸரில் மாட்டி, லேசான பக்கம் செல்லோ டேப் துணுக்கு ஒட்டிச் சமன் செய்தேன். கொஞ்சம் இறங்கியது. மிச்சம், மோட்டார்களைத் தாங்கும் கைகளில் இருந்தது. கைகள் 12 மி.மீ. சதுர அலுமினிய பைப். விரலால் சுண்டினால் ‘ணங்’ என்று நீளமாக ஒலிக்கும். நின்று பறக்கையில் மோட்டார் நிமிடத்துக்கு 5,000 சுற்று என்று வைத்தால் விநாடிக்கு 83 உதைகள். இந்த பைப் எதையும் உள்ளே வாங்கிக்கொள்ளாமல் அப்படியே கன்ட்ரோலர் உட்கார்ந்திருக்கும் நடுத்தட்டுக்கு அனுப்பிவிடும்.

மர்பி டவுனில் எங்கள் தெரு முனையில் ஒரு ஆசாரி பட்டறை இருக்கிறது. கையைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“இதுக்குப் போயா அலுமினியம் போட்டீங்க தம்பி? ரீப்பர் போடுங்க, கட்டை கத்தாது.”

“தாங்குமாண்ணே?”

“கூரையே தாங்குது!”

கிடந்த பைன் ரீப்பரை 12-க்கு 15 மி.மீ. என்று இழைத்து, 20 செ.மீ. துண்டுகளாக அறுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, பறக்கும்போது வீடியோ அனுப்பச் சொன்னார். எடை போட்டால் ஆச்சரியம். பைப் 24 கிராம், கட்டை 18. விறைப்பு பாதிதான் வரும், ஆனாலும் சுண்டினால் ‘டொக்’ என்று அங்கேயே அடங்கிவிடுகிறது. மோட்டாரின் திருகுத் துளைகள் 16, 19 மி.மீ. தள்ளித் தள்ளி இருப்பதால் 15 மி.மீ. கட்டையில் நேராக உட்காராது. மேலும் கீழும் 2 மி.மீ. கிளாஸ் எபாக்ஸி ஷீட் வெட்டி, நடுவில் கட்டையைக் கவ்வ வைத்தேன். போல்ட் இறுக்கும் இடத்தில் மரம் நசுங்கும், அகல வாஷர் கட்டாயம். ஈரம் குடிக்காமல் இருக்க வார்னிஷ் இரண்டு கோட்.

பறக்கவிட்ட இடம் கனகபுரா பக்கம் ஒரு நண்பரின் மாந்தோப்பு. ஹெச்ஏஎல், எலகங்கா, ஜக்கூர், தேவனஹள்ளி என்று சுற்றிலும் விமானத்தளம் வைத்திருக்கும் ஊரில் மொட்டை மாடியை மறந்துவிட வேண்டியதுதான். 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராமுக்கு மேல், 2 கிலோ வரை ‘மைக்ரோ’. பொழுதுபோக்குக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம், ஆனால் பதிவு எண்ணையும் எங்கே பறக்கலாம் என்று காட்டும் மண்டல வரைபடத்தையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை போகலாம். நான் தென்னை உயரத்தைத் தாண்டவில்லை.

லாக்கில் இப்போது 15-க்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆல்ட் ஹோல்டில் குச்சியை விட்டால் ஒரு சாண் ஏறி இறங்குவதோடு சரி. 2,200 எம்ஏஹெச் பேட்டரி 7 நிமிடம் வருகிறது, செல்லுக்கு 3.5 வோல்ட் வந்ததும் இறக்கிவிடுகிறேன். வீடியோ பார்த்த ஆசாரி, அடுத்து கால்களையும் மூங்கிலில் போடலாம் என்கிறார். மூங்கில் சிலாம்பு எடுத்து வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அது முடிந்ததும் ஆட்டோட்யூன், அதாவது வண்டி பறந்தபடியே தன் கட்டுப்பாட்டு அளவுகளைத் தானே சரிசெய்துகொள்ளும் வேலை.