பூட்டில்லாத வெள்ளிக் கழுத்து வளையம்: ஒருவழியாக விறைப்பு வந்தது

நான் செய்த வெள்ளி வளையம் விரித்து மாட்டினால் கழுத்தில் கச்சிதமாக உட்கார்கிறது. கழற்றினால் பழைய வட்டத்துக்கே திரும்புகிறது. ஸ்வீடன் நாட்டு வெள்ளிக் கலைஞர் விவியானா டோருன் பூலோவ்-ஹியூபேயின் கழுத்து வளையங்களைப் பார்த்ததிலிருந்து ஆசைப்பட்டது இதற்குத்தான். முன்பக்கம் இரண்டு முனைகளும் சேராது. ஒன்று கழுத்தோடு வளைந்து போகும், மற்றது மார்பில் இறங்கி ஒரு கல்லைத் தாங்கும். திருகு இல்லை, கொக்கி இல்லை. எல்லாம் வெள்ளியின் விறைப்பை நம்பித்தான்.

கஷ்டம் முழுக்க அந்த விறைப்பில்தான் இருக்கிறது. 925 கம்பிக்கு (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) சூடு காட்டினால் சொன்னபடி வளையும், ஆனால் விரித்தால் விரித்தபடியே நின்றுவிடும். தட்டத் தட்ட இறுகும். அப்புறம் கல் தொங்கவிட முனையில் ஒரு வளையம் பற்றவைத்தால், அந்தச் சூட்டில் மறுபடி இளகிவிடும். ஆகவே இறுக்கிய பிறகு தீயே கூடாது. சூளையில் 300 டிகிரியில் வைத்து இறுக்கும் வழியும் உண்டு. அதற்கு முன்னால் 700-ஐத் தாண்டிச் சூடாக்கிச் சட்டென்று தண்ணீரில் தோய்க்க வேண்டும், இவ்வளவு நீளக் கம்பி அதில் கோணிப்போகும். எனக்குச் சுத்தியலும் முறுக்கும் போதும்.

முறுக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உருட்டுக் கம்பியை முறுக்கினால் தடம் தெரியாது, ஆனால் உள்ளே இறுகிவிடும். பல பேர் முனைகளை மெலிதாக்கிவிட்டு முறுக்குகிறார்கள். அப்போது முறுக்கெல்லாம் மெல்லிய பக்கமே போய்விடும். வளையத்தை விரிக்கும்போது அதிக அழுத்தம் தாங்குவது பிடரிப் பகுதி, அது மெத்தென்றே இருக்கும். நான் ஒரே கனமுள்ள 4 மில்லிமீட்டர் கம்பியாக இருக்கும்போதே வைஸில் கவ்வக் கொடுத்து முறுக்கினேன். அதன்பிறகு முனைகளை அரத்தால் மட்டுமே ராவினேன். ராவிய பொடியைத் தாளில் பிடித்து வைத்திருக்கிறேன், உருக்கிக்கொள்ளலாம். வட்டமாக வளைத்ததும் பிடரிப் பகுதியை மெருகேற்றிய சுத்தியலால் சன்னமாகத் தட்டினேன். சுத்தியல் முகத்தில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஒவ்வொரு அடியிலும் வெள்ளியில் பதியும், அதனால் முகத்தைக் கண்ணாடி போலத் தேய்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். கல்லுக்கு வளையம் பற்றவைக்கவில்லை. நுனியையே தட்டையாக்கித் துளை போட்டுவிட்டேன்.

இதை டோருன் எவ்வளவு அலட்டாமல் செய்திருக்கிறார் என்று இப்போதுதான் புரிகிறது. 1927-இல் மால்மோவில் பிறந்தவர், அம்மா சிற்பி. ஸ்டாக்ஹோமில் படித்து, 1956-இல் பாரிஸ் போய், பிறகு தென் பிரான்சில் பியோ என்ற ஊரில் பட்டறை போட்டார். கடற்கரையில் பொறுக்கிய கூழாங்கற்களை வெள்ளியில் தொங்கவிட்டார். அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே அவர் நகைகளை அணிந்து பாடினார். 1960-இல் மிலான் திரியன்னாலே என்ற வடிவமைப்புக் கண்காட்சியில் தங்கப் பதக்கம், அதே ஆண்டில் ஸ்காண்டிநேவிய வடிவமைப்பாளர்களுக்கான லன்னிங் விருது. பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிற அந்தஸ்து நகை அவருக்குப் பிடிக்காது. பவுன் கணக்கிலும் செய்கூலி சேதாரத்திலுமே நகையைப் பேசிப் பழகிய நாம் இவரை இன்னும் நிறையப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கல் இன்னும் முடிவாகவில்லை. காங்கேயம் பக்கத்து ஸ்படிகம் ஒன்று கையில் இருக்கிறது, கரூரில் பட்டை தீட்டியது. பட்டை தீட்டாத கூழாங்கல்தான் இந்த வளையத்துக்குப் பொருந்தும் என்று மனசு சொல்கிறது. துளையை இரண்டு பக்கமிருந்தும் தண்ணீருக்குள் வைத்துப் போட வேண்டும், ஒரே பக்கமாகப் போனால் மறுபக்கம் சில்லு பெயர்ந்துவிடும்.

அதற்குள் அவருடைய கைக்கடிகாரக் காப்பு ஆசைகாட்டுகிறது. 1962-இல் பாரிஸில் ஒரு கண்காட்சிக்காக, தங்களுக்குப் பிடிக்காத ஒரு பொருளை வடிவமைக்கும்படி கலைஞர்களைக் கேட்டார்கள். டோருன் எடுத்துக்கொண்டது கைக்கடிகாரம். எண்கள் இல்லை, முகம் கண்ணாடியாகப் பளபளக்கும், காப்பு முழுதாகச் சுற்றி மூடாது. 1967-இல் டென்மார்க்கின் ஜார்ஜ் யென்சன் வெள்ளி நகை நிறுவனம் அதைத் தயாரிப்புக்கு எடுத்தது. அதற்குப் பட்டைத் தகடு வேண்டும், தகட்டில் என் முறுக்கு வித்தை செல்லாது. உருளையில் இழுக்கும்போதே இறுகியிருக்க வேண்டும். சேலத்தில் கொலுசுப் பட்டறைகளுக்குத் தகடு இழுத்துத் தருபவரிடம் கேட்டிருக்கிறேன். வழக்கமாக இளக்கித்தான் தருவாராம். "கடைசி இழுப்புக்கு அப்புறம் சூடு காட்டாதீங்கண்ணா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.