ஐனோவின் கதை காவேரிப்பட்டணம் போனது

பின்லாந்தில் எஸ்போவுக்குக் குடிவந்து இது நாலாவது குளிர்காலம். முதல் குளிர்காலம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், பனிக்கு முன்னால் ஒரு நாவல்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

டிசம்பர் கடைசியில் இங்கே பகல் ஆறு மணி நேரம்கூட நீளாது. வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. மகளுக்கு அப்போது மூன்று மாதம். கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் ஊர் காவேரிப்பட்டணமாக இருந்திருந்தால் பத்தியச் சோறு ஆக்கிப்போட ஒருத்தி, பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்ட ஒருத்தி என்று தெருவே வந்துபோயிருக்கும். இங்கே நானும் அவளும் ஜன்னலும்தான்.

மாத்தின்கூலா மெட்ரோ நிலையத்தை ஒட்டி ஒரு பெரிய மால் இருக்கிறது. அதற்குள்ளேயே நூலகம். குழந்தையின் தள்ளுவண்டியோடு நேராகப் புத்தக அலமாரிவரை போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அட்டைக்குக் காசு கிடையாது. அந்த ஒரே அட்டை ஹெல்சிங்கி, வான்டா நூலகங்களிலும் செல்லும். அங்கே எடுத்த முதல் புத்தகம், மேடலின் மில்லர் 2018ல் எழுதிய ‘சர்சி’. கிரேக்கக் காவியத்தில் ஆண்களைப் பன்றியாக்கும் சூனியக்காரியாகச் சில பக்கங்களில் வந்துபோகிறவளுக்கு முழு வாழ்க்கை கொடுத்த நாவல். படித்தவர்கள் மந்திரத்தையும் பழிவாங்கலையும் பெரிதாகப் பேசுவார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது வேறு இடம். தீவில் தனியாகப் பிள்ளை பெற்று, அழுகை ஓயாத அந்தக் குழந்தையை ஒரு தேவதை கொன்றுவிடுவாளோ என்று தூங்காமல் காவல் கிடக்கிறாளே, அந்தப் பகுதி. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடுராத்திரியில் நின்றபடியே படித்தேன்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊருக்குப் பேசுவேன். அங்கே குளிர்கால நேரப்படி எட்டரை. எதிர்வீட்டு அக்கா அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. களி கிண்டி, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு போனை எடுப்பார். கல்லூரித் தோழிகள் இரண்டு பேர், ஒருத்தி தர்மபுரியிலிருந்தும் ஒருத்தி பாலக்கோட்டிலிருந்தும் சேர்ந்துகொள்வார்கள். அக்கா ஆங்கில நாவல் படிப்பதில்லை. அதனால் சர்சியை நான் தமிழில் கதையாகச் சொன்னேன். மூன்று வாரம் ஆனது. எல்லாம் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்:

“ஏம்மா, இத்தன காலம் கழிச்சு ஒருத்தி வந்து எழுதற வரைக்கும் அந்தப் பொண்ணு மனசுல என்ன இருந்துச்சுன்னு யாரும் கேக்கலியா? நம்மூர்ல பொன்னுருவிய விடிய விடிய மேடையில நிக்க வெச்சிருக்கோமே!”

வாயடைத்துப் போனேன். பொன்னுருவி கர்ணனின் மனைவி. வியாசரிடம் இந்தப் பெயரே கிடையாது. ‘கர்ண மோட்சம்’ கூத்தில் அவள் இல்லாவிட்டால் ராத்திரி நகராது. குலம் தெரியாதவன் என்று புருஷனை ஏசியவள், போருக்குப் போகும் கடைசி நேரத்தில் அவனைக் கண்டுகொள்ளும்போது, ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். மறுகதை என்று உலகம் இப்போது கொண்டாடுவதைக் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் மைதானங்களில் வெகுகாலமாகச் செய்துகொண்டிருக்கிறோம். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியில் கூத்து. கடைசி நாள் படுகளம். மைதானம் நிறைய மல்லாந்து கிடக்கும் மண் துரியோதனன். தொடையில் பீமன் வேஷக்காரர் அடித்ததும், திரௌபதி வேஷக்காரர் அந்தச் சிவப்பைத் தொட்டுக் கூந்தலை முடிவார். அந்த ஒரு முடிச்சுக்காகத்தான் அத்தனை நாள் காத்திருப்போம்.

என் அபிப்பிராயம் அங்கேதான் உருவானது. பழைய கதையின் பெண்ணுக்கு வாய் நிறைய வசனம் கொடுத்துவிட்டால் மறுகதை ஆகிவிடாது. சமீபத்தில் படித்த சிலவற்றில் ராணிகள் எல்லோரும் ஒரே குரலில் மேடைப்பேச்சு பேசுகிறார்கள். புதுமைப்பித்தன் 1943லேயே ‘சாப விமோசன’த்தில் அகலிகையை எவ்வளவு சிக்கனமாக நடத்தினார்! தீக்குளித்த கதையைச் சீதை வந்து சொல்கிறாள். தனக்கு விமோசனம் தந்த ராமனா அப்படிக் கேட்டான் என்று அகலிகையால் தாங்க முடியவில்லை. முடிவில் மறுபடி கல்லாகிறாள். அந்தக் கல்லை மிஞ்சிய வசனத்தை இன்னும் நான் எங்கும் படிக்கவில்லை.

தர்மபுரித் தோழிக்கு இதில் உடன்பாடில்லை. எத்தனை தலைமுறை வாய்மூடி இருந்தாயிற்று, இனியாவது பேசட்டுமே என்பாள். அவளும் சொல்ல வேண்டியதைத்தான் சொல்கிறாள்.

இரண்டாம் வருஷம் பின்னிஷ் பேசப் பழக நூலகத்தின் மொழிக் கஃபேக்குப் போனேன். பிப்ரவரி 28 இங்கே கலேவலா நாள், கொடியேற்றுவார்கள். எலியாஸ் லென்ரோத் என்ற மருத்துவர் நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்துக் கோத்த காவியம் அது, முதல் பதிப்பு 1835, விரிந்த பதிப்பு 1849. அதைப் பற்றி எங்களுக்குச் சொன்ன வயதான அம்மா, ஐனோவிடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். பாட்டுப் போட்டியில் தோற்றுச் சேற்றில் புதைந்துகொண்டிருக்கும் யொவுகாஹைனன், உயிர் பிழைக்கத் தன் தங்கை ஐனோவைக் கிழவன் வைனாமொயினனுக்குத் தருவதாக வாக்குக் கொடுக்கிறான். தாய்க்கு மகிழ்ச்சி. ஐனோ நீரில் இறங்கிவிடுகிறாள்.

“எங்கள் ஊரில் புருஷனே சூதாட்டத்தில் வைத்துவிட்டான்” என்று எனக்குத் தெரிந்த அரைகுறை பின்னிஷில் சொன்னேன். அன்றைக்குத்தான் அந்த மேசையில் நானாக வாய்திறந்து ஒரு முழு வாக்கியம் பேசினேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார்.

கலேவலா தமிழில் இருக்கிறது. இங்கே வாழ்ந்த ஈழத்தமிழர் ஆர். சிவலிங்கம், உதயணன் என்ற பெயரில் எழுதியவர், மொழிபெயர்க்க, கவிதையாகவே 1994ல் வந்தது. இதைத் தெரிந்துகொண்ட நாளில் இந்த ஊரில் எனக்கு முன்பே யாரோ ஒரு பாய் விரித்து வைத்திருப்பதுபோல இருந்தது. மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் கிடைக்கும் என்று அக்காவுக்கும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அக்கா பேச்சு ராஜாஜியிடம் போனது. ராஜாஜி எங்கள் மாவட்டத்துக்காரர், ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878ல் பிறந்தவர். ‘சக்கரவர்த்தித் திருமகன்’ எழுதி 1958ல் சாகித்திய அகாதமி விருது வாங்கியவர். சீதையைக் காட்டுக்கு அனுப்பும் கதையை அவர் சொல்லாமல் விட்டார். நம் பெண்களின் துயரத்திலிருந்து பிறந்த கற்பனை அது என்பது அவர் எண்ணம். “பொண்ணுங்க துக்கத்துல பொறந்த கதைன்னா அதத்தானே மொதல்ல சொல்லணும்” என்றார் அக்கா. “நான் நாளைக்கு ஒம்பதாம் வகுப்புல ஐனோவச் சொல்லப்போறேன்.”

அவர் ஏன் ஒன்பதாம் வகுப்பைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் சின்ன வயதில் கல்யாணம் முடிப்பது இன்னும் ஒழியவில்லை. கோடை விடுமுறை முடிந்து திரும்பாத பிள்ளைகளின் பெயர் அக்காவுக்கு மனப்பாடம். நாலாவது பாட்டின் முடிவில் ஐனோவின் தாய் அழுது, மனமில்லாத மகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று மற்றத் தாய்மார்களிடம் சொல்வாள். அவள் கண்ணீர் மூன்று ஆறாக ஓடும். அந்த இடத்தோடு மணி அடித்துவிட்டதாம். அக்காவும் அதற்கு மேல் இன்னும் படித்திருக்கவில்லை. மீதியை நீங்களே எழுதிக்கொண்டு வாங்க என்று அனுப்பியிருக்கிறார்.

ஒரு பெண் எழுதியதை எனக்குப் போனில் படித்துக் காட்டினார். ஐனோ சாகவில்லை, மீனாகிவிட்டாள். கிழவன் வலைபோட்டுப் பிடிக்கிறான். கை நழுவித் தண்ணீரில் குதித்து, என்னை யாரென்று உனக்குத் தெரியவில்லையே என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறாள்.

“அக்கா, கலேவலாவத் தொறங்க” என்றேன். “அஞ்சாவது பாட்டு.”

வைனாமொயினன் தூண்டில் போட, விசித்திரமான ஒரு மீன் சிக்கி, அறுக்கப்போகும்போது நழுவி, நான்தான் ஐனோ, தெரியவில்லையா என்று அவனைப் பரிகசித்துவிட்டு மறையும் பாட்டு அது. அக்கா மெதுவாக வாய்விட்டுப் படித்தார். பாலக்கோட்டுக்காரியும் தர்மபுரிக்காரியும் பேசவில்லை. என் மகள் மடியில் தூங்கிப்போயிருந்தாள். கடைசி அடிவரை படித்துவிட்டு, “நாளைக்கு அந்தப் பொண்ணு கையிலயே குடுத்துப் படிக்கச் சொல்றேன்” என்றார் அக்கா.